சன்வே லகூனுக்கு ஒரு நாள்: விடுதி தேடும் முன் இரயில் வரைபடத்தைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். போர்ட் கிள்ளானில் வீடு இருப்பதால், தோட்டத்தில் இருக்கும் உறவினர்களுக்கு நாங்கள்தான் பயண முகவர். "பாப்பா, பிள்ளைங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும், ரெண்டு நாள் லீவு எடுத்திருக்கேன், எங்க தங்கறது?" இந்த முறை கேட்டவர் தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் என் அத்தான். அவர் குரலில் ஆசையை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு வருடம் காசு சேர்த்து அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் பெரியம்மாவையும் ஒரு நீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். எந்தப் பூங்கா என்பது இங்கே தேவையில்லை, தவறு எங்களுடையது. விடுதியை நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். "பூங்காவுக்கு 5 நிமிடம்" என்று போட்டிருந்தது. அந்த ஐந்து நிமிடம் காரில் போகிறவர்களுக்கு. நடுவில் நெடுஞ்சாலை, கடக்கப் பாலம் இல்லை. போக வர கிராப் எடுத்ததில் விடுதியில் மிச்சம் பிடித்த காசு தீர்ந்தது. பூங்காவுக்குள் சின்னவன் 120 செண்டிமீட்டர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றான். அவன் அங்கே போக வேண்டும் என்று கேட்டதே அந்தச் சறுக்குக்காகத்தான். பெரியம்மா சுடிதாரில் வந்ததால் தண்ணீரில் இறங்க விடவில்லை. காலை முதல் மாலை வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளுக்கும் அக்காவின் தாலிக்கொடிக்கும் காவல் இருந்தார். அதற்கும் முழுக் கட்டணம்.

ஆகவே இந்த முறை உட்கார்ந்து முறையாகப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பங்கள் முதலில் கேட்பது சன்வே லகூன் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஈய லம்பத்துக்குள் ஒரு பூங்கா

சன்வே லகூன் திறக்கப்பட்டது 1993இல். அந்த இடம் அதற்கு முன் ஈயச் சுரங்கமாக இருந்தது என்பதை நம் பெரியவர்கள் பலர் அறிவார்கள். 1974இல் சுங்கை வே என்ற பெயரில் தொடங்கிய சுரங்க நிறுவனம்தான் பின்னர் சன்வே ஆனது. ஈயம் எடுத்து முடித்த பெரும் பள்ளத்தை மண் கொட்டி மூடாமல், பள்ளமாகவே வைத்துப் பூங்கா கட்டினார்கள். லகூன் என்றால் தமிழில் காயல். கடலே இல்லாத இடத்தில் எப்படிக் காயல் வந்தது என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது எங்களுக்குள் கேலி உண்டு. பெயர் எப்படியோ, குட்டையும் பள்ளமும் உண்மை.

இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மிக முக்கியமான செய்தி. பூங்கா சாலை மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. மேலே குறுக்காகத் தொங்கு பாலம் ஒன்று போகும். 88 ஏக்கர் பரப்பு. நீர்ப் பூங்கா, இராட்டினங்கள் உள்ள பகுதி, விலங்குகள், சாகச விளையாட்டுகள், பேய் வீடு, சின்னப் பிள்ளைகளுக்கான நிக்கலோடியன் பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது என்றால் ஏற்றமும் இறக்கமும்தான். பாட்டி, தாத்தாவோடு போகிறவர்கள் "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். அதுவே ஒரு நாளைத் தின்றுவிடும்.

முதல் கேள்வி: விடுதி வேண்டுமா?

இணையத்தில் "பூங்கா அருகே விடுதி" என்று தேடினால் படம் படமாக வரும். அதற்கு முன் கொமுட்டர் இரயில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். போர்ட் கிள்ளானில் புறப்படும் இரயில் ஜாலான் கஸ்தாம், கம்போங் ராஜா ஊடா, தெலுக் காடோங், தெலுக் பூலாய், கிள்ளான், புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று வந்து அடுத்து செத்தியா ஜெயாவில் நிற்கும். அங்கே இறங்கி மேல் நடைபாதை வழியாகப் போனால் பி.ஆர்.டி. நிலையம். 2015இல் தொடங்கிய இந்த மின்சாரப் பேருந்து தரையில் ஓடுவதில்லை. 5.4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண்கள் மேல் தனிப் பாதை. கீழே எத்தனை கார் நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. செத்தியா ஜெயா, மெந்தாரி, அதற்கு அடுத்தது சன்வே லகூன். மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் போதும்.

போர்ட் கிள்ளான், பண்டமாரான், கிள்ளான் நகரம், ஷா ஆலாம் வாசிகளுக்கு அதனால் விடுதியே தேவையில்லை என்பது என் கருத்து. காலையில் இரயில் ஏறி மாலையில் திரும்பிவிடலாம். "போனா ஒரு நைட் தங்கணும், அப்பதான் லீவு மாதிரி இருக்கும்" என்று என் தோழி ஒருத்தி வாதாடினாள். அது வேறு ஆசை. அந்த ஆசைக்கு விலை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆனால் பூங்காவுக்காகத் தங்குகிறோம் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இரயிலில் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கொமுட்டர் அடிக்கடி வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். புறப்படும் நேரத்தை முந்தைய நாளே கே.டி.எம். செயலியில் பாருங்கள். திரும்பும் நேரத்தையும் அப்போதே குறித்து வையுங்கள். அடுத்து, டச் அன் கோ அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஓர் அட்டையைத் தட்டி நால்வர் போக முடியாது. பிள்ளைகளுக்கும் மூத்தவர்களுக்கும் இரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு, முகப்பில் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ரோஸ் நிறப் பெட்டி பெண்களுக்கானது. பிள்ளைகளோடு தனியாகப் போகும் அம்மாக்களுக்கு அது வசதி, அப்பாக்கள்தான் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும்.

அந்தப் பி.ஆர்.டி. பாதையின் கடைசி நிலையம் யூ.எஸ்.ஜே.7. பெரியம்மாவிடம் வழி சொல்லும்போது அந்தப் பெயரைக் கேட்டதும், "அது சீபீல்ட் தோட்டமாச்சே" என்றார். அவருடைய சொந்தக்காரர்கள் அங்கே பால் வெட்டியவர்கள். சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.யும் எழுந்து நிற்பது அந்த இரப்பர் தோட்டத்து மண்ணில்தான். இன்று அங்கே எத்தனை மாடிக் கட்டடங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் எந்த லயம் எங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூங்கா பற்றிய பேச்சு அன்று அத்தோடு நின்றுவிட்டது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு

தெலுக் இந்தான், சித்தியவான், சிகாமட் பக்கமிருந்து வருகிறவர்களின் நிலை வேறு. நான்கு மணி நேரம் பேருந்திலோ காரிலோ வந்து, பூங்கா திறக்கும் 10 மணிக்கு வாசலில் நிற்பது பிள்ளைகளுக்குக் கொடுமை. அன்றிரவே திரும்புவது ஓட்டுநருக்கு ஆபத்து. நாள் முழுவதும் வெயிலில், தண்ணீரில் கிடந்த உடம்பு இரவில் ஸ்டியரிங் பிடித்தால் கண் தானாக மூடும். அத்தான் தொழிலே ஓட்டுவதுதான் என்றாலும், சென்ற முறை திரும்பும் வழியில் ஓய்வுப் பகுதியில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் போனார்.

ஓர் இரவுக்குத்தான் காசு என்றால் எந்த இரவு? முந்தைய இரவா, பூங்கா முடிந்த இரவா? பலர் முந்தைய இரவைத்தான் எடுப்பார்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு அது சரி, காலையில் புத்துணர்ச்சியோடு போகலாம், மாலைப் பேருந்தில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பலாம். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது தலைகீழ்: விடியற்காலையில் புறப்பட்டு வாருங்கள், பூங்கா முடிந்த இரவு தங்குங்கள். விடுதிகளில் அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு மேல், காலி செய்வது மறுநாள் 12 மணி. பூங்கா 6 மணிக்கு மூடியதும் ஈரத் துணியோடு அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, மறுநாள் நிதானமாகப் புறப்படலாம்.

தெலுக் இந்தான்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன், சன்வேக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புனில் இருக்கும் லாஸ்ட் வேர்ல்ட் உங்களுக்குப் பாதி தூரம்தான். வெந்நீர் ஊற்றும் அங்கே உண்டு, பெரியவர்கள் கால் நனைத்து உட்காரலாம். அத்தானிடமும் இதைச் சொன்னேன். "பையன் சன்வேன்னு சொல்லிட்டான்" என்று முடித்துவிட்டார்.

கெந்திங்கில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே கணக்கு முற்றிலும் வேறு. விடுதிகள் மலை மேலேயே பூங்காவை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் ஒன்றான பர்ஸ்ட் வேர்ல்ட் விடுதிக்கு 7,351 அறைகள் என்பது உலகச் சாதனை. தூரம் பிரச்சினை இல்லை, கூட்டமும் பனிமூட்டமும்தான் பிரச்சினை. ஒரே இரவில் விலை பல மடங்கு மாறும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒரே தண்டவாளத்தில் மூன்று ஊர்

சன்வேயில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிள்ளான், பண்டார் சன்வே, பிரிக்பீல்ட்ஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே இரயில் பாதையில் இருக்கின்றன. இந்த ஒரு செய்தியைத்தான் விடுதி தேடும் செயலிகள் உங்களுக்குச் சொல்வதில்லை. அவை வரைபடத்தில் பூங்காவைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே "அருகில்" என்று காட்டும்.

சன்வேயிலேயே தங்கினால், பூங்காவையும் பிரமிட் பேரங்காடியையும் ஒட்டி அந்தக் குழுமத்தின் மூன்று விடுதிகள் உள்ளன: சன்வே ரிசோர்ட், சன்வே பிரமிட் ஹோட்டல், முன்பு கிளியோ என்று அழைக்கப்பட்ட சன்வே லகூன் ஹோட்டல். மூன்றிலிருந்தும் நடந்தே போகலாம், மழை பெய்தாலும் பேரங்காடி வழியாகவே சமாளிக்கலாம். விலை தோட்டக் குடும்பத்துக்கு எளிதல்ல. ஆனால் அறையும் நுழைவுச் சீட்டும் சேர்ந்த தொகுப்பு விற்கும் காலங்கள் உண்டு. அப்போது நால்வரின் நுழைவுச் சீட்டு விலையைக் கழித்துவிட்டு அறைக்கு உண்மையில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். சில நேரங்களில் கடைவீட்டு மாடி விடுதியின் விலைக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். சில நேரங்களில் தனித்தனியாக வாங்குவதே மலிவு. தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் "பேக்கேஜ்" என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

அடுத்து, பண்டார் சன்வேயில் கடைவீடுகளின் மேல் மாடிகளில் இருக்கும் சிறு விடுதிகள். மலிவு. நான் மாட்டிக்கொண்டதும் இந்த வகையில்தான். அந்த வட்டாரத்தை எல்.டி.பி., புதிய பந்தாய் விரைவுச்சாலை, கூட்டரசு நெடுஞ்சாலை மூன்றும் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. காகம் பறக்கும் தூரம் அரை கிலோமீட்டர், மனிதன் நடக்கும் தூரம் மூன்று. ஆகவே முகவரியை கூகுள் வரைபடத்தில் போட்டு, கார் படத்தை விட்டு நடக்கும் மனிதன் படத்தை அழுத்துங்கள். பூங்கா வாசலுக்கோ பி.ஆர்.டி. நிலையத்துக்கோ 15 நிமிடத்துக்குள் காட்டினால் சரி. பிறகு தெருப் படத்தைத் திறந்து அந்த வழியில் நடைபாதை உண்டா என்றும் பாருங்கள். சன்னல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மலிவு அறைகளில் பல சன்னல் இல்லாதவை, அது விளம்பரத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். ஐந்து பேரின் ஈரத் துணி சன்னல் இல்லாத அறையில் ஓர் இரவு காய்ந்தால் என்ன வாடை வரும் என்று அக்காவைக் கேட்டால் சொல்வார்.

மூன்றாவது, கிள்ளான். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் தெங்கு கிளானா, நம் குட்டி இந்தியா. தோசை, வாழை இலைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு வளையல், அம்மாக்களுக்குப் பூ. பூங்காவுக்குள் விற்கும் விலையை நினைத்தால் காலையில் இங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரயில் ஏறுவதே புத்தி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்தப் பக்கம் அறை தேட வேண்டாம், தெருவில் நடக்கவே இடம் இருக்காது. பேருந்தில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிள்ளான் சென்ட்ரல் பேருந்து நிலையம் என்பது மேரு பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கொமுட்டர் நிலையத்துக்குப் பக்கம் என்று நினைத்து நடக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

நான்காவதாகப் பிரிக்பீல்ட்ஸ். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் இரயிலில் வருகிறவர்களுக்கு கே.எல். சென்ட்ரல் அங்கேயே இருக்கிறது. சைவச் சாப்பாடு, கோயில், எல்லா விலையிலும் அறைகள். செத்தியா ஜெயாவுக்கு இரயில் மாற வேண்டியதில்லை, போர்ட் கிள்ளான் நோக்கிப் போகும் வண்டியில் ஏறினால் போதும். மறுநாள் பத்து மலைக்குப் போகிறவர்களுக்கும் இரயில் வசதி இங்கிருந்தே உண்டு. பெரிய குடும்பமாக, முதியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பூங்கா பிடிக்காத பெரியவர்கள் அன்று பிரிக்பீல்ட்ஸிலேயே நிம்மதியாக இருக்கலாம். பெஞ்சில் காவல் காக்க ஒரு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டாம்.

எங்கே தங்கினாலும் விலையைப் பார்க்கும்போது வரியைச் சேர்த்துப் பாருங்கள். விடுதிக்கான சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. திரையில் பெரிய எழுத்தில் தெரியும் தொகையில் அது சில நேரம் இருக்காது. பல விடுதிகள் முன்பணம் பிடித்து வைத்துக் காலி செய்யும்போது திருப்பித் தரும். அதற்குக் கையில் தனியாகக் காசு வேண்டும். அட்டையில் பிடித்தால் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், சாப்பாட்டுக்கு வைத்த பணத்தை அதில் மாட்டிவிடாதீர்கள். ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கும் அது கிடையாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரியம்மாவிடம் இருப்பது இன்றும் சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்து, தோட்டத்திலேயே வயது போனவர். முகப்பில் அட்டையை நீட்டும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். சுற்றுலா வரி கேட்டால் வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லுங்கள். பூங்கா நுழைவுச் சீட்டு வேறு கதை. அங்கே மைகார்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு வேறு விலை. சிவப்பு அட்டைக்கு எந்த விலை என்பதை இணையத்தில் பணம் கட்டும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாசலில் வைத்து அவர் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம். பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் மறக்காதீர்கள்.

உயரமும் உடையும்

புறப்படும் முன் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள், செருப்பு இல்லாமல். உயரத் தடை பிள்ளையின் வயதைப் பார்ப்பதில்லை, அழுகையையும் பார்ப்பதில்லை. பெரிய சறுக்குகளுக்கும் இராட்டினங்களுக்கும் பெரும்பாலும் 120 செண்டிமீட்டருக்கு மேல் கேட்பார்கள், சிலவற்றுக்கு இன்னும் அதிகம். அது கண்டிப்பு அல்ல, கணக்கு. இருக்கையின் பாதுகாப்புக் கம்பியும் சறுக்கின் வளைவும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவை வைத்துச் செய்யப்பட்டவை. அதற்குக் குறைந்த உடம்பு கம்பிக்கு அடியில் நழுவும். பூங்காவின் இணையத்தளத்தில் ஒவ்வொன்றின் உயரமும் போட்டிருக்கும். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள், எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். அழுவதானாலும் வீட்டில் அழட்டும். அத்தான் மகன் இப்போது 127. மூன்று முறை அளந்தானாம்.

உடை விஷயத்தில் நம் பெண்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சேலை, சுடிதார், ஜீன்ஸ், பருத்தி டி-சட்டை இவற்றோடு நீர்ச் சறுக்குகளில் விட மாட்டார்கள். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், சறுக்கில் ஒட்டிக்கொண்டு உடம்பை நிறுத்திவிடும், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். பித்தளைப் பொத்தானும் ஜிப்பும் சறுக்கையும் தோலையும் கீறும். அதற்காக உடம்பு தெரிய நீச்சலுடை போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மலாய்ப் பெண்கள் அணியும் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை பசார் மாலாமிலேயே கிடைக்கிறது, தலைத்துணி இல்லாமலும் விற்கிறார்கள். பெரியம்மாவுக்கு ஒன்று வாங்கிவிட்டேன். முதலில் சிரித்தார், பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார்.

நகை வீட்டில் இருக்கட்டும். தாலிக்கொடி பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு, அதில் நான் தலையிட மாட்டேன். கழற்ற மனமில்லாதவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் மாங்கல்யத்தை மட்டும் கோத்து உடைக்குள் விட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தங்கச் சங்கிலி அலைக்குளத்தில் போனால் போனதுதான். கைப்பேசி, பணம், மூக்குக் கண்ணாடி எல்லாம் வாடகைப் பெட்டகத்தில். குடும்பத்துக்கு ஒரு பெட்டகம் போதும், சாவி யாரிடம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

பள்ளி நடக்கும் வார நாள்தான் காலியாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி. விடுமுறையில்தான் போக முடியும் என்றால் வாரத்தின் நடு நாட்கள், சனி ஞாயிறு வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் லகூன் மூடியிருந்த காலமும் உண்டு. ஆகவே செவ்வாய் என்றால் நாட்காட்டியைப் பார்க்காமல் இரயில் ஏறாதீர்கள்.

மழைதான் பெரிய எதிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் இடியோடு கொட்டும். இடி கேட்டால் தண்ணீரில் இருக்கும் எல்லாரையும் வெளியேற்றுவார்கள். அது சரியான செயல்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு திருப்பித் தருவதில்லை. ஆகவே வாசல் திறந்ததும் பிள்ளைகள் எதற்காக வந்தார்களோ அதற்கு நேராகப் போங்கள். எல்லாரும் வாசலருகே நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய சறுக்குகளில் வரிசை குறைவு. அலைக்குளம், விலங்குகள் எல்லாம் பிற்பகலுக்கு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தையின் உணவுக்குத் தடை இருக்காது.

தண்ணீரில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கும், கத்தாது, கையை அடிக்காது. உயிர்காப்பு ஊழியர் நிற்கிறார் என்பதற்காக நாற்காலியில் சாய்ந்து கைப்பேசி பார்க்காதீர்கள், அவருக்கு நூறு தலைகள். பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில், பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ உடை வாங்குங்கள். நீல நீச்சலுடை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது.

அத்தான் குடும்பத்தின் திட்டம் இப்படி முடிந்திருக்கிறது. புதன்கிழமை மாலை பேருந்தில் கிள்ளான் சென்ட்ரல், அங்கிருந்து எங்கள் வீடு. விடுதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது, அவருக்குச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது கூச்சம். வியாழன் காலை எட்டு மணிவாக்கில் போர்ட் கிள்ளான் நிலையத்தில் இரயில். பெரியம்மாவும் வருகிறார், முழுக்கை நீச்சலுடையோடு. மாலையில் திரும்பும்போது யூ.எஸ்.ஜே.7 வரை பி.ஆர்.டி.யில் ஒருமுறை போய் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பூங்காவிலிருந்து நான்கு நிலையம்தான். ஈரத் துணிக்கு இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகளும், இரயிலின் குளிருக்கு ஆளுக்கொரு துண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.